காற்றாலையும் ஊஞ்சல் ஆடும்!

ஊஞ்சல் ஆடப் பிடிக்காதவர்கள் உங்களில் யாராவது உண்டா? நிச்சயம் இருக்க முடியாது!

ஊஞ்சலில் உங்கள் தம்பியை உட்கார வைத்து ஆட்டி விடுகிறீர்கள் என்று வைத்துக் கொள்வோம். ஒரே தள்ளில் அவனை உயரே அனுப்ப முடியாது. முதலில் மெதுவாகத் தள்ளுவீர்கள். ஊஞ்சல் போய்த் திரும்பி வரும். மறுபடியும் முன்னால் கிளம்பும் அந்த நொடியில் இன்னொரு சின்னத் தள்ளு. அடுத்த முறையும் அதே போல். பத்தாவது தள்ளில், "அக்கா, போதும்... பயமா இருக்கு!" என்று தம்பி கத்த ஆரம்பித்து விடுவான்.

கவனித்தீர்களா? நீங்கள் பலமாகத் தள்ளவே இல்லை. சரியான நேரத்தில் தள்ளினீர்கள், அவ்வளவுதான்! அதே ஊஞ்சல் உங்களை நோக்கி வரும்போது முன்பக்கமாகத் தள்ளிப் பாருங்கள். ஆட்டம் கூடாது, குறைந்து போகும்.

இந்தச் சின்ன ரகசியம்தான், உயரமான காற்றாலைகளைக் கட்டும் பொறியாளர்களுக்குப் பெரிய தலைவலி. அவர்களுக்குக் கைகொடுக்கும் மருந்தும் இதே ரகசியம்தான். எப்படி என்று பார்க்கலாமா?

உச்சியில் 70 யானைகள்!

திருநெல்வேலியில் இருந்து நாகர்கோவில் போகும் வழியில், ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதியில் வரிசை வரிசையாகக் காற்றாலைகள் நிற்பதைப் பலர் பார்த்திருப்பீர்கள். உடுமலை, பல்லடம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இவை தினமும் பார்க்கிற காட்சி.

கீழே நின்று பார்த்தால், கோபுரம் ஆடாமல் அசையாமல் நிற்பது போலவும், இறக்கைகள் மட்டும் சோம்பலாகச் சுற்றுவது போலவும் தோன்றும். உண்மை அதுவல்ல. கோபுரமும் ஆடுகிறது! முன்னும் பின்னும் ஆடும். இடமும் வலமும் ஆடும். உச்சியில் ஏறி வேலை செய்யும் தொழிலாளர்களுக்கு, அந்த ஆட்டம் காலடியிலேயே தெரியும்.

ஏன் ஆடாது? ஒரு பெரிய காற்றாலையின் கணக்கைப் பாருங்கள். உலகெங்கும் உள்ள ஆராய்ச்சியாளர்கள் ஒரே அளவுகளை வைத்துக் கணக்குப் போட வேண்டும் என்பதற்காக, அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகம் 2009ல் ஒரு மாதிரிக் காற்றாலையை வடிவமைத்து, விவரங்களை வெளியிட்டது. 5 மெகாவாட் மின்சாரம் தரக்கூடியது. இறக்கைகள் வரையும் வட்டத்தின் விட்டம் 126 மீட்டர். அந்த வட்டத்தின் மையம் இருப்பது 90 மீட்டர் உயரத்தில். உச்சியில் இருக்கும் இறக்கைகள், இயந்திரப் பெட்டி எல்லாவற்றின் எடையும் சேர்ந்து சுமார் 350 டன்! ஒரு யானை 5 டன் என்று வைத்துக் கொண்டால், 70 யானைகள்! அவற்றை ஓர் இரும்புக் குழாயின் நுனியில் ஏற்றி, காற்றடிக்கும் இடத்தில் நிறுத்தி வைத்தது போல!

"இவ்வளவு உயரத்தில் எதற்கு வைக்க வேண்டும்? குட்டையாகக் கட்டி விடலாமே?" என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி! தரைக்குப் பக்கத்தில் மரம், வீடு, மேடு எல்லாம் காற்றைத் தடுக்கும். மேலே போகப் போகக் காற்று வேகமாகவும், சீராகவும் வீசும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால், அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகி விடும். அதனால்தான் காற்றாலைகள் ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்து கொண்டே போகின்றன.

ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளம்

இப்போது ஒரு சோதனை. 30 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றை எடுத்து, மேஜை விளிம்புக்கு வெளியே பாதிக்கு மேல் நீட்டிக் கொண்டிருக்கும்படி வையுங்கள். மேஜை மேல் இருக்கும் பகுதியை இடது கையால் அழுத்திப் பிடித்து, நுனியை வலது கையால் சுண்டி விடுங்கள். 'விர்ர்ர்' என்று வேகமாக அதிரும். இனி நுனியில் ஓர் உருண்டை களிமண்ணை ஒட்டிச் சுண்டுங்கள். மெதுவாக ஆடும். ஸ்கேலை இன்னும் கொஞ்சம் வெளியே நீட்டினால், இன்னும் மெதுவாக ஆடும். அழுத்திப் பிடித்த கையைச் சற்றுத் தளர்த்தினாலும் ஆட்டம் மெதுவாகும்.

பலமாகச் சுண்டினால் ஆட்டத்தின் அகலம் கூடுமே தவிர, வேகம் பெரிதாக மாறாது. ஒரு முறை ஆடி வர எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அந்தப் பொருளின் நீளம், எடை, விறைப்பு ஆகியவையே முடிவு செய்கின்றன. இதைத்தான் அதன் 'இயல்பு அதிர்வு' என்கிறார்கள். நாம் அதை அந்தப் பொருளின் 'சொந்தத் தாளம்' என்று செல்லமாக வைத்துக் கொள்வோமே!

காற்றாலையும் ஒரு நிமிர்ந்து நிற்கும் ஸ்கேல்தான். உச்சியில் இருக்கும் எடை, களிமண் உருண்டை. தரைக்கு அடியில் இருக்கும் கான்கிரீட் அஸ்திவாரம், உங்கள் இடது கை. மண் இளக்கமாக இருந்தால் அதன் தாளமும் மாறும். அதனால்தான், கோபுரம் எழுப்புவதற்கு முன்பே அந்த இடத்து மண்ணைத் தோண்டி ஆராய்கிறார்கள்.

வெளியிலிருந்து வரும் தள்ளு, ஒரு பொருளின் சொந்தத் தாளத்தோடு ஒன்று சேர்ந்து விட்டால், சின்னத் தள்ளுகூடப் பெரிய ஆட்டமாக வளர்ந்து விடும். இதற்கு 'ஒத்ததிர்வு' என்று பெயர். ஊஞ்சலில் அது விளையாட்டு. காற்றாலையில் அது ஆபத்து!

தள்ளுவது யார்?

காற்றாலையைத் தள்ளும் 'அக்கா' யார்? முதல் ஆள் காற்று. அது ஒரே சீராக வீசுவதில்லை. ஒரு நொடி பலமாக, அடுத்த நொடி மெதுவாக என்று மாறிக் கொண்டே இருக்கும்.

இரண்டாவது ஆள், காற்றாலையின் இறக்கைகளேதான்! மூன்று இறக்கைகளில் ஒன்று கொஞ்சம் எடை கூடுதலாக இருந்தாலும், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு குலுக்கல் ஏற்படும். சைக்கிள் சக்கரம் நெளிந்திருந்தால் குலுக்குமே, அது போல.

இன்னொரு தள்ளும் உண்டு. காற்று கோபுரத்தின் மேல் மோதி, இரண்டு பக்கமும் விலகிப் போக வேண்டும். அதனால் கோபுரத்துக்கு நேர் எதிரில் காற்றின் வேகம் குறைந்து விடும். ஒவ்வோர் இறக்கையும் அந்த இடத்தைக் கடக்கும்போது, அதன் மேல் இருக்கும் அழுத்தம் சட்டென்று குறைந்து, கடந்ததும் மறுபடி கூடும். மூன்று இறக்கைகள் என்றால், ஒரு சுற்றுக்கு மூன்று முறை 'டொக்... டொக்... டொக்' என்று தட்டுவது போல!

முறிந்து பறந்த இறக்கை

"தட்டினால் என்ன? இரும்புதானே... தாங்காதா?" என்கிறீர்களா? ஒரு பழைய இரும்புக் கம்பியை எடுத்து, ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக வளைத்துக் கொண்டே இருங்கள். ஒரு முறை வளைத்தால் ஒன்றும் ஆகாது. இருபது, முப்பது முறை வளைத்தால் 'படக்' என்று முறிந்து விடும். உலோகமும் களைத்துப் போகும்!

பெரிய காற்றாலை ஒன்று ஒரு சுற்று சுற்ற 5 நொடி ஆகும் என்று வைத்துக் கொள்வோம். ஆண்டில் பாதி நேரம் மட்டும் அது சுழன்றாலும், 20 ஆண்டுகளில் இறக்கைகள் கோபுரத்தைக் கடப்பது ஏறத்தாழ 19 கோடி முறை! ஒவ்வொரு முறையும் ஒரு சின்னத் தட்டு. அந்தத் தட்டு கோபுரத்தின் தாளத்தோடு சேர்ந்து கொண்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

உலோகக் களைப்பு என்ன செய்யும் என்பதற்கு ஓர் உண்மைக் கதை. 1941ல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், 'கிராண்ட்பாஸ் நாப்' என்ற மலைமேல் ஒரு ராட்சதக் காற்றாலை ஓடத் தொடங்கியது. பால்மர் புட்னம் என்ற பொறியாளரின் கனவு அது. இரண்டே இறக்கைகள், வட்டத்தின் விட்டம் 53 மீட்டர். 1.25 மெகாவாட் மின்சாரம் தரக்கூடியது. அந்தக் காலத்தில் உலகிலேயே பெரியது!

1943ல் அதன் ஒரு பேரிங் கெட்டுப் போனது. இரண்டாம் உலகப் போர் நடந்து கொண்டிருந்ததால், மாற்றுப் பாகம் கிடைக்க இரண்டு ஆண்டுகள் ஆயின. இதற்கிடையே, இறக்கையின் அடிப்பகுதியில் பலவீனம் இருப்பதும் தெரிய வந்தது. ஆனால், போர்க்காலத் தட்டுப்பாட்டில் அதைச் சரி செய்ய முடியவில்லை. 1945 மார்ச் மாதம் மறுபடி ஓட விட்டார்கள். சில வாரம்தான் ஓடியது. மார்ச் 26ம் தேதி, ஓர் இறக்கை முறிந்து பறந்தது! அந்தக் காற்றாலை அதன் பிறகு ஓடவே இல்லை.

படிக்கட்டைக் கழற்றிய நாசா

அடுத்த கதையில் வருவது நாசா. ஆமாம், நிலவுக்கு மனிதனை அனுப்பிய அதே நாசாதான்! 1973ல் உலகம் முழுவதும் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தது. "வேறு வழியில் மின்சாரம் எடுக்க முடியுமா, பாருங்கள்" என்ற பொறுப்பில் ஒரு பகுதி நாசாவிடம் வந்தது. 1975ல் ஒஹையோ மாநிலத்தில், பிளம் புரூக் என்ற இடத்தில் 'மாட்-0' என்ற சோதனைக் காற்றாலையை நாசா நிறுவியது. 100 கிலோவாட், 38 மீட்டர் விட்டம், இரண்டு இறக்கைகள், 30 மீட்டர் உயரம். மின்கம்பிகளைத் தாங்கும் பெரிய டவர்கள் இருக்குமே, அது போல இரும்புச் சட்டங்களால் ஆன கோபுரம்.

ஓட விட்டுப் பார்த்தால், இறக்கைகளின் மேல் விழும் விசை, கணக்குப் போட்டு வைத்திருந்ததை விட மிக அதிகம்! எங்கே தவறு?

மாட்-0வில் இறக்கைகள் கோபுரத்துக்குப் பின்னால் சுற்றின. அதாவது, காற்று முதலில் கோபுரத்தைத் தாண்டி, பிறகே இறக்கைக்கு வரும். வெயிலில் நிற்கும் மரத்துக்கு நிழல் விழுவது போல, காற்றில் நிற்கும் கோபுரத்துக்கும் பின்னால் ஒரு 'காற்று நிழல்' உண்டு. சட்டங்களுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் காற்று தாராளமாக நுழைந்து போகும் என்று நினைத்திருந்தார்கள். ஆனால், கோபுரத்துக்கு உள்ளே ஒரு படிக்கட்டு இருந்தது. மேலே ஏறுவதற்காக வைத்தது. அதுவும் சேர்ந்து காற்றை மறித்தது! நிமிடத்துக்கு 40 சுற்று சுற்றிய அந்த இறக்கைகள், ஒவ்வொரு முறை நிழலுக்குள் நுழைந்து வெளியேறும்போதும் அடி வாங்கின.

என்ன செய்தார்கள் தெரியுமா? படிக்கட்டைக் கழற்றி விட்டார்கள்! இறக்கைகளின் மேல் விழுந்த விசை குறைந்தது. காற்றின் திசைக்கு ஏற்பத் தலையைத் திருப்பும் இயந்திரத்தில் இருந்த தளர்வும் குலுக்கலைக் கூட்டியது தெரிந்ததும், இன்னொரு திருப்பும் இயந்திரத்தைச் சேர்த்து இறுக்கினார்கள்.

இன்று நீங்கள் பார்க்கும் பெரிய காற்றாலைகள் அனேகமாக எல்லாவற்றிலும், இறக்கைகள் கோபுரத்துக்கு முன்னால், காற்று வரும் பக்கம்தான் இருக்கும். அங்கேயும் காற்று கொஞ்சம் தடைப்படும். ஆனால், பின்பக்க நிழல் அளவுக்கு மோசமில்லை.

ஆலமரமா, நாணலா?

சரி... ஆட்டமே வராதபடி கோபுரத்தை மிகவும் கெட்டியாகக் கட்டி விட்டால் என்ன? சின்னக் காற்றாலைகளில் அப்படித்தான் செய்தார்கள். குட்டையான, விறைப்பான கோபுரத்தின் சொந்தத் தாளம் வேகமாக இருக்கும். இறக்கைகளின் தட்டு அதை எட்டிப் பிடிக்காது. ஆனால், உயரம் கூடக் கூட, அதே விறைப்பைக் கொண்டு வர ஏராளமான இரும்பு வேண்டும். செலவு எகிறி விடும். கோபுரத்தின் அடிப்பகுதியைப் பருமனாக்கவும் ஓர் எல்லை உண்டு. லாரியில் ஏற்றிக் கொண்டு போகும்போது வழியில் பாலம் குறுக்கிட்டால், அதன் அடியில் நுழைய வேண்டாமா?

அதனால், பொறியாளர்கள் வேறு வழியில் யோசித்தார்கள். "கோபுரம் வளையட்டும். ஆனால், அதன் தாளமும் இறக்கைகளின் தாளமும் ஒன்று சேராமல் பார்த்துக் கொள்வோம்!" நாசா உதவியுடன் உருவாகி, 1980களின் தொடக்கத்தில் வாஷிங்டன் மாநிலத்தில் ஓடத் தொடங்கிய 'மாட்-2' காற்றாலைகளில், இப்படி வளைந்து கொடுக்கும் உருளைக் கோபுரத்தைப் பயன்படுத்தினார்கள். இறக்கைகளையும் முன்பக்கம் கொண்டு வந்தார்கள்.

புயலில் ஆலமரம் சாயும், நாணல் பிழைக்கும் என்ற கதை உங்களுக்குத் தெரியும். இங்கே வளைந்து கொடுத்தால் மட்டும் போதாது. எந்தத் தாளத்தில் வளைகிறோம் என்பதும் முக்கியம்!

நாம் முன்பு பார்த்த மாதிரிக் காற்றாலையையே எடுத்துக் கொள்வோம். முழு வேகத்தில் அது நிமிடத்துக்கு 12 முறை சுற்றும். அதாவது, ஒரு சுற்றுக்கு 5 நொடி. ஆகவே, எடைக் குலுக்கல் வருவது 5 நொடிக்கு ஒரு முறை. மூன்று இறக்கைகள் என்பதால், கோபுரத்தைக் கடக்கும் தட்டு வருவது சுமார் 1.7 நொடிக்கு ஒரு முறை. கோபுரத்தின் சொந்தத் தாளமோ, ஒரு முறை ஆடி வர சுமார் 3.1 நொடி. ஐந்துக்கும் ஒன்றே முக்காலுக்கும் நடுவில்! இரண்டு தட்டுகளும் அதைத் தொடவில்லை. எவ்வளவு சாமர்த்தியம் பார்த்தீர்களா?

ஆனால், இதில் ஒரு பொறி இருக்கிறது. காற்று குறைவாக இருக்கும்போது இதே காற்றாலை நிமிடத்துக்கு 7 சுற்றுதான் சுற்றும். அப்போது இறக்கை கடக்கும் இடைவெளி எவ்வளவு? கணக்குப் போடுங்கள். 60ஐ 21ஆல் வகுத்தால் சுமார் 2.9 நொடி! கோபுரத்தின் 3.1 நொடிக்கு மிகப் பக்கத்தில் வந்து விட்டது!

இப்படிப்பட்ட ஆபத்தான வேகங்களில் நீண்ட நேரம் தங்காமல், சட்டென்று தாண்டிப் போகும்படி காற்றாலையின் கணினிக்குச் சொல்லி வைப்பார்கள். பஸ் டிரைவர், குண்டும் குழியுமான இடத்தில் வண்டியை நிறுத்தாமல் கடந்து போவது போல!

காற்றே பிரேக் போடும்!

தாளத்தைத் தவிர்த்தாலும், திடீர்க் காற்று ஒன்று அடித்தால் கோபுரம் ஆடத்தானே செய்யும்? அந்த ஆட்டத்தை அடக்குவது யார்? ஆச்சரியமான பதில்... காற்றேதான்!

சைக்கிளில் எதிர்க்காற்றில் வேகமாகப் போனால், முகத்தில் காற்று பலமாக மோதும். காற்று போகும் திசையிலேயே போனால், காற்றே இல்லாதது போல இருக்கும். காற்றாலையின் தலையும் அப்படித்தான். கோபுரம் காற்றை நோக்கி முன்னால் ஆடும்போது, சுழலும் இறக்கைகளின் மேல் காற்று இன்னும் பலமாக மோதி, அதைத் தடுக்கும். பின்னால் ஆடும்போது மோதல் குறையும். அதனால் ஆட்டத்துக்கு ஊக்கம் கிடைக்காது. நேரம் தவறி ஊஞ்சலைத் தள்ளினால் ஆட்டம் குறையும் என்று பார்த்தோமே, அதே கதைதான்.

கணினியும் உதவி செய்யும். ஒவ்வோர் இறக்கையையும் அதன் அச்சில் லேசாகத் திருப்ப முடியும். கோபுரம் எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்து, அதற்கு எதிராகக் காற்று தள்ளும்படி இறக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும்.

ஆனால், பக்கவாட்டு ஆட்டத்துக்கு இந்தக் காற்று பிரேக் அவ்வளவாக உதவாது. இறக்கைகள் நின்று விட்டாலும் பிரேக்கின் பலம் வெகுவாகக் குறைந்து விடும். அப்போது என்ன செய்வது?

ஆட்டத்தைத் திருடும் குண்டு

1911ல் ஹெர்மன் ஃப்ராம் என்ற ஜெர்மானியப் பொறியாளர் ஓர் அருமையான யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். ஆடும் பொருளோடு, அதே தாளத்தில் ஆடக்கூடிய இன்னொரு சின்ன எடையைச் சேர்த்து விட்டால், பெரியதின் ஆட்டத்தைச் சின்னது வாங்கிக் கொள்ளும்!

தைவான் நாட்டில் உள்ள 'தைபே 101' என்ற 508 மீட்டர் உயரக் கட்டடத்தில், இதற்காகவே 660 டன் எடையுள்ள ஒரு பிரமாண்ட உருண்டையைத் தொங்க விட்டிருக்கிறார்கள். சில காற்றாலைகளிலும் கோபுரத்தின் மேல் பகுதியில் ஊசல் போன்ற எடையை வைப்பதுண்டு. சிலவற்றில், திரவம் நிரப்பிய தொட்டிகளை வைப்பார்கள். கோபுரம் ஆடும்போது திரவம் உள்ளே தளும்பித் தளும்பி, ஆட்டத்தின் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்து விடும்.

செய்து பாருங்கள்!

தேவையானவை: நூல், ஒரே மாதிரி இரண்டு ரப்பர்கள், இரண்டு நாற்காலிகள், ஒரு துண்டு அட்டை.

1. இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஒரு நூலைச் சற்றுத் தொய்வாகக் கட்டுங்கள்.

2. அதில் 15 சென்டிமீட்டர் இடைவெளியில், 30 சென்டிமீட்டர் நீள நூல்களில் இரண்டு ரப்பர்களையும் தொங்க விடுங்கள். நீளம் சரிசமமாக இருக்க வேண்டும்.

3. ஒரு ரப்பரை மட்டும் உங்களை நோக்கி இழுத்து விடுங்கள். அது ஆடும். கொஞ்ச நேரத்தில் அதன் ஆட்டம் குறைந்து, தொடாமலேயே இரண்டாவது ரப்பர் ஆடத் தொடங்கும்! பிறகு ஆட்டம் திரும்ப முதல் ரப்பருக்கே வரும்.

4. இரண்டாவது ரப்பரின் நூலைப் பாதியாகக் குறைத்து, மறுபடி செய்யுங்கள். இப்போது அது ஆட்டத்தைச் சரியாக வாங்காது. தாளம் வேறாகி விட்டதே!

5. நூலைப் பழையபடி நீளமாக்குங்கள். இரண்டாவது ரப்பரில், விசிறி போலக் காற்றைத் தள்ளும்படி அட்டையை ஒட்டுங்கள். முதல் ரப்பரை ஆட்டி விடுங்கள். இரண்டாவது ரப்பர் ஆட்டத்தை வாங்கி, காற்றிலேயே செலவழித்து விடும். இரண்டும் சீக்கிரமே அடங்கும். காற்றாலையில் இருக்கும் எடையும் திரவமும் செய்வது இதைத்தான்!

தலையில்லாத கோபுரத்துக்குக் கயிறு

காற்றாலை ஓடும்போது மட்டும்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். கட்டும்போதும் உண்டு! கோபுரத்தை நிறுத்தியாகி விட்டது. ஆனால், உச்சியில் இயந்திரப் பெட்டியும் இறக்கைகளும் இன்னும் ஏறவில்லை. அப்போது வெறும் உருளைதானே நிற்கிறது?

ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, மேலே கொஞ்சம் மிளகுத்தூள் தூவி, ஒரு பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பென்சிலுக்குப் பின்னால் இடது, வலது, இடது, வலது என்று மாறி மாறிச் சின்னச் சுழல்கள் உருவாகும். தியோடர் வான் கார்மான் என்ற அறிஞர் 1911ல் இதை ஆராய்ந்து விளக்கினார். உருளையான கோபுரத்தைக் காற்று கடக்கும்போதும் இதே போலச் சுழல்கள் உருவாகி, அதைப் பக்கவாட்டில் மாறி மாறி இழுக்கும். அந்த இழுப்பு, தலையில்லாத கோபுரத்தின் தாளத்தோடு சேர்ந்தால் ஆட்டம் வளர்ந்து விடும்.

தொழிற்சாலைகளின் உயரமான இரும்புப் புகைபோக்கிகளில், பாம்பு சுற்றியது போல ஒரு பட்டை சுற்றியிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? அழகுக்காக என்று நினைத்திருப்பீர்கள். இல்லை! 1950களில் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் கிறிஸ்டோபர் ஸ்க்ரூட்டன் என்பவரும் அவருடைய சகாக்களும் கண்டுபிடித்த வழி அது. அந்தப் பட்டை, கோபுரம் முழுக்கச் சுழல்கள் ஒரே நேரத்தில் உருவாகாமல் கலைத்து விடும். கட்டி முடியாத காற்றாலைக் கோபுரங்களிலும், இதே போலத் தடித்த கயிறு அல்லது பட்டைகளைச் சுற்றி வைப்பதுண்டு. தலை ஏறியதும் கழற்றி விடுவார்கள்.

தூங்காத காவல்காரன்

செல்போனைத் திருப்பினால் படமும் திரும்புகிறதே... போன் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்பதை, உள்ளே இருக்கும் ஒரு குட்டி உணர்கருவி கண்டுபிடிக்கிறது. அதே வகையைச் சேர்ந்த கருவிகள் காற்றாலையின் உச்சியிலும் இருக்கின்றன. இரவு, பகல் என்று பாராமல் ஆட்டத்தை அளந்து கொண்டே இருக்கும். அளவுக்கு மீறினால், காற்றாலை தானாகவே இறக்கைகளைத் திருப்பி நின்று விடும்.

புதிய காற்றாலைகளைச் சோதிக்கும் நிலையம் நம் ஊரிலேயே இருக்கிறது தெரியுமா? சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்று ஆற்றல் நிறுவனத்தின் சோதனை நிலையம், தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறில் உள்ளது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட அதே கயத்தாறுதான்! காற்றாலைகளின் மேல் விழும் விசைகளை அளப்பதும் இந்த நிறுவனத்தின் வேலைகளில் ஒன்று.

அடுத்த முறை காற்றாலையைப் பார்த்தால் சும்மா வந்து விடாதீர்கள். ஒரு நிமிடத்தில் எத்தனை இறக்கைகள் கோபுரத்தைக் கடக்கின்றன என்று எண்ணுங்கள். மூன்றால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று தெரிந்து விடும். 60ஐ நீங்கள் எண்ணிய எண்ணால் வகுத்தால், எத்தனை நொடிக்கு ஒரு தட்டு என்பது கிடைக்கும். இறக்கைகளின் தாளத்தைக் கண்டுபிடித்து விட்டீர்கள்! அந்தத் தாளத்தில் சேராமல், தன் சொந்தத் தாளத்தோடு அந்தக் கோபுரம் நின்று கொண்டிருக்கும். இந்த ரகசியத்தை, பக்கத்தில் இருக்கும் நண்பனுக்கும் சொல்லிக் கொடுங்கள். சரியா?